உடம்பு மோசம், உடனே வா

பிஷ்கெக்
28 ஜூன் 1998

அன்புள்ள ஜுமாதில் அண்ணா,

நலம். லாரிக்கார ஷெர்கஸியிடம் அண்ணி கொடுத்தனுப்பிய உலர்தயிர் உருண்டைகள் வந்து சேர்ந்தன. பாதியை ஆய்வுக்கூடத்திலேயே தின்றுவிட்டார்கள். "உங்க அண்ணிக்கு உப்புக் கை. ஆனா நிறுத்த முடியலயே" என்றார் எங்கள் தலைவர். அவளிடம் சொல்லுங்கள்.

நான் என்னதான் வேலை செய்கிறேன் என்று கேட்டாளாம். தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. வீக்கம் உள்ளேயே நெரித்துவிடும். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறதே, அதுபோன்ற காதுக்குக் கேட்காத ஒலியை முயலின் தலைக்குள் மெதுவாகச் செலுத்துகிறோம். தேங்கிய நீர் வடிகிறது. பதினொரு முயல்களில் ஏழு பிழைத்தன. மனிதருக்கு இன்னும் வைத்ததில்லை.

மூன்று கடிதத்துக்கு ஒரு பதிலாவது போடுங்கள்.

அன்புத் தங்கை
பெர்மெத்


நரின்
6 ஜூலை

பெர்மெத்,

மேய்ச்சல் மலையில் குதிரை இடறி உன் அண்ணி சாய்கால் கீழே விழுந்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "என்னை என்ன பாக்கற? குதிரைக்குக் கால் போச்சான்னு பாரு" என்றாள். அன்று பால்கூடக் கறந்தாள். மறுநாள் வாந்தி. சாயங்காலம் என் பெயர் அவள் வாயில் வரவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூளை வீங்கியிருக்கிறதாம். மருந்து ஏற்றுகிறார்கள். உரக்கக் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள்.

உன் கருவியைக் கொண்டு வா. முயலுக்குச் செய்வதை உன் அண்ணிக்குச் செய்ய மாட்டாயா?

ஜுமாதில்


பிஷ்கெக்
9 ஜூலை

அன்புள்ள அண்ணா,

முடியாது என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். முயலின் மண்டை மெல்லியது. மனித எலும்பு தடிமன். ஒலியைத் தடுக்கும், சூடாகும். அப்புறம் மனசு கேட்காமல் தலைவரிடம் போய் நின்றேன். "ஏதாவது ஆச்சுன்னா உன் அண்ணனே உன் சட்டையைப் பிடிப்பாரு" என்றார். "பிடிக்கட்டும் சார்" என்றேன்.

இன்று கையெழுத்துப் போட்டார். மருந்து கேட்காவிட்டால் மட்டும். அங்குள்ள டாக்டரும் நீங்களும் சம்மதித்தால் மட்டும். அப்படியானால் தந்தி அடியுங்கள். அன்றே கருவியோடு கிளம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த ஷெர்கஸி இப்போது ஊரில் இல்லை. இதைத் தபாலில்தான் போடுகிறேன். ஐந்தாறு நாள் ஆகும்.

பெர்மெத்


தந்தி
நரின், 11 ஜூலை

சாய்காலுக்கு உடம்பு மோசம். உடனே வா. ஜுமாதில்.


பிஷ்கெக்
2 ஆகஸ்ட்

அண்ணா,

மண் போட்ட அன்று நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கடிதம் இரண்டே நாளில் உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நம்மில் யார் சாவைத் தந்தியில் எழுதுகிறார்கள்? அப்பா போனபோது எனக்கு வந்ததும் "உடம்பு மோசம், உடனே வா" என்பதுதான். அப்படி ஒரு தந்தி வந்தால் போன் போட்டு விசாரிப்பது முறையில்லை. நானும் விசாரிக்கவில்லை. கருப்புத் துணி கட்டினேன். கருவியைக் கையில் எடுத்தேன். "செத்த வீட்டுக்கு மெஷினைத் தூக்கிட்டா வருவ? பைத்தியமாடி உனக்கு?" என்றாள் சித்தி. மேஜையில் வைத்துவிட்டேன்.

உறவுக்காரர்கள் ஒன்றுசேர ஒன்றரை நாள் ஆனது. பதின்மூன்றாம் தேதி உங்கள் தெருமுனையிலேயே, வழக்கப்படி, குரலெடுத்து அழ ஆரம்பித்தோம். அண்ணியின் அம்மா மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் மகள் போய்விட்டாள், சேதியோடு வருகிறோம் என்று நினைத்து அப்படியே விழுந்தார். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். "உசுரோட இருக்காடி! கருவி எங்க?"

அதே வண்டியில் திரும்பினேன். மறுநாள் காலை கருவியோடு வந்தபோது அண்ணி போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பெர்மெத்


பிஷ்கெக்
3 ஜூன் 1999

அண்ணா,

இது நீங்கள் பதில் போடாத மூன்றாவது கடிதமாக இருக்கலாம். இருந்தாலும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் முதன்முதலாக ஒரு மனிதர் தலையில் கருவியை வைத்தோம். யாரோ ஒரு லாரி ஓட்டுநர். தினம் பத்து நிமிடம். நாலாம் நாள் கண்ணைத் திறந்து, "இங்க டீ கீ கிடையாதா?" என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நான் வெளியே போய் நின்றேன்.

ஆனால் பக்கத்துக் கட்டிலில் மருந்து மட்டும் ஏற்றியவரும் அதே வாரம் எழுந்து உட்கார்ந்தார். ஓர் ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அண்ணி பிழைத்திருப்பாளா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பாள் என்றால் உங்களைக் கொன்றவளாவேன். மாட்டாள் என்றால் என்னை நானே காப்பாற்றிக்கொண்டவளாவேன். இரண்டையும் சொல்ல மாட்டேன்.

அண்ணியின் வருஷ நினைவு விருந்துக்கு நான் வரலாமா?

பெர்மெத்


நரின்
20 ஜூன் 1999

பெர்மெத்,

கடிதம் வந்தது. யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அந்த ஓட்டுநருக்குப் பிள்ளைகள் உண்டா? எழுது.

தந்தியை நான்தான் எழுதினேன். தபால் ஆபீஸ் பெண், "இவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். கருவி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

விருந்து ஜூலை பதினொன்று, ஞாயிறு. குதிரை அறுக்கிறோம். வா.

சாய்காலின் அம்மா இங்கேதான் இருக்கிறார். உன் குரலை அவரால் தாங்க முடியாது. மற்றப் பெண்கள் முன்பக்கம் அழுதுகொண்டு வருவார்கள். நீ பின்பக்கமாக வந்து கறி வேகும் அண்டாப் பக்கம் உட்கார். உனக்கு இடம் வைக்கச் சொல்கிறேன்.

அழாதே.

ஜுமாதில்