முத்துமாரி அன்றைக்கு வேலைக்கு வந்தாள்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து உங்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். கோயில் வாசலிலேயே ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன். நம் சபையில் பலர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது. முதலாளி நம் சபைக்காரர், கமிட்டியில் இருப்பவர். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில், தீபாவளி ஆர்டர் என்று கூடுதலாக ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களில் ஒருத்தி முத்துமாரி. என் வகுப்பில் படிக்கிற கார்த்திகாவின் அம்மா. புருஷனும் இல்லை. அவள் நம் சபை இல்லை, அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். அவள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, யாரையோ பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள் என்று கம்பெனி சொல்கிறது. வேலைக்கு வராதவளின் பிள்ளைக்கு நஷ்டஈடு கிடையாது.

ஆனால் நான் பார்த்தேன், அப்பா. அன்று காலை பள்ளிக்கூட வாசலில் சாப்பாட்டுத் தூக்கை மகளிடம் கொடுத்து, அவள் வகுப்புக்கு ஓடிய பிறகு என்னிடம், "டீச்சர், இவ காயெல்லாம் பொறுக்கி ஓரத்துல வச்சிருதா. நாலு போடு போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வேனில் ஏறினாள். உள்ளே இருந்து செல்வி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

செல்வியை உங்களுக்குத் தெரியும். ஆனைக்குட்டத்துப் பெண். நீங்கள்தான் அவள் கல்யாணத்தை நடத்தி வைத்தீர்கள். அதே அறையில் இருந்து கைகள் வெந்து, உயிரோடு வந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, நம் வழக்கப்படி அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார் போதகர். காய்ச்சலில் பிழைத்தவர்களும் பஸ் கவிழ்ந்து தப்பியவர்களும் முன்னால் வந்து, ஒரு வசனம் சொல்லி, கர்த்தர் காத்தார் என்று ஸ்தோத்திரம் செய்துவிட்டு உட்காருவார்களே, அதுபோல முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தோம்.

கட்டுப் போட்ட கைகளை வயிற்றோடு வைத்துக்கொண்டு அவள் வசனம் சொன்னாள். பிறகு சொன்னாள்: "கர்த்தர் என்னையக் காத்தாரு. எனக்கு இந்தப் பக்கம் முத்துமாரி அக்கா இருந்தாக. திரி செருகிக்கிட்டு இருந்தாக. அவுக வேலைக்கே வரலைன்னு கம்பெனியில சொல்றாக. வந்தாக. அந்த ரூம்ல எங்களுக்குக் காலை நீட்ட இடமில்ல."

போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கீபோர்டு என் முன்னால் இருந்தது. "பாட்டை ஆரம்பிங்க, டீச்சர்" என்றார் மெதுவாக. என் விரல்கள் அசையவில்லை. அதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். கமிட்டிப் பெரியவர் ஒருவர் இசை இல்லாமலே பாட்டை எடுத்தார். சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. எல்லாச் சரணமும் பாடினோம், ஒன்றுகூட விடவில்லை. செல்வி அங்கேயே நின்றாள். பாட்டு முடிந்ததும், "இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு ஐயா" என்றாள். போதகர் ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டார்.

வெளியே வந்தால், "சாட்சி சொல்லச் சொன்னா வழக்குப் பேசுறா" என்றார்கள் ஒரு பக்கம். "மருந்து மயக்கம், பாவம்" என்றார்கள் இன்னொரு பக்கம். "செத்தவ நம்ம சபையே இல்லையே, இவளுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்.

மறுநாள் நானே போதகரிடம் போய் வேனைப் பற்றிச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அப்பா. அதுதான் என் கஷ்டம். வெடித்த அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் போய் நின்றவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், அந்தப் பிள்ளைய நம்ம ஹாஸ்டல்ல சேத்துக்கிடுவோம். காலேஜ் வரைக்கும் படிக்க வைக்கிறேன்னு முதலாளியே சொல்லிட்டாரு. கேசுன்னு போனா எம்புட்டு வருசம் இழுக்கும்? அந்த மனுசனும் உடைஞ்சு போயிருக்காரு. பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது." பிறகு, "உங்க அப்பா இருந்தாலும் இதைத்தான செஞ்சிருப்பாக?" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவர்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அப்பா, அவர் கேட்டதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் பிடித்த தீயில் தாயை இழந்த ராணியை நீங்கள் சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அம்மா தன் சேலையைக் கிழித்து அவளுக்குப் பாவாடை தைத்தாள். ராணியக்கா இன்று நர்ஸ். உங்கள் அடக்கத்தில் என்னைவிட அதிகம் அழுதவள் அவள். அந்த இரக்கத்தை நான் குறை சொல்வேனா?

ஆனால் அந்த ஆபீஸ் முதலாளியிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்? ஏதாவது கேட்டீர்களா? புதுக் கம்பெனி திறக்கும்போதெல்லாம் உங்களைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். கண்ணை மூடி, "இங்கே பாடுபடுகிற கைகளைக் காத்தருளும்" என்பீர்கள். கண்ணைத் திறந்த பிறகு அறைகளைச் சுற்றிப் பார்த்ததுண்டா? பார்த்து, சொல்லி, யாரும் கேட்காமல் போய், எங்களிடம் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டீர்களா? இருக்கும்போது நான் இதைக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

கார்த்திகா இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள். ஹாஸ்டல் விஷயத்தைச் சித்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "சேத்துக்கிட்டா நல்லதுதான் டீச்சர். வேண்டாம்னு சொல்ல எனக்கு வக்கில்ல. ஆனா எங்கக்கா வேலைவெட்டி இல்லாம சுத்தப் போயிச் செத்தான்னு ஊரு பேசுது. பிள்ளை அதையும் கேட்டுக்கிட்டுத்தான் உங்க ஹாஸ்டல் சோத்தைத் திங்கணுமா?"

நம் சபைக்கு ரொட்டி கொடுக்கத் தெரியும், கட்டுப் போடத் தெரியும், பிள்ளைகளை வளர்க்கத் தெரியும். கார்த்திகாவின் சித்தி கேட்டதற்கு மட்டும் நம்மிடம் ஒரு பாட்டுத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரி செல்வியைக் கூப்பிட்டிருக்கிறார். நானும் அவளோடு போகிறேன். முத்துமாரி வேனில் ஏறியதைப் பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். அடுத்த வாரம் எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் இருக்குமோ, வேறு ஊரோ, தெரியாது. கார்த்திகாவுக்கு ஹாஸ்டல் இல்லை என்றால் என் வீடு இருக்கிறது. போதகரிடம் இதை நேற்றே சொல்லிவிட்டேன். அவர் கேட்டதற்கும் பதில் சொன்னேன். "அப்பா என்ன செஞ்சிருப்பாகன்னு எனக்குத் தெரியாது ஐயா. பார்த்தது நான்."

போய் வந்து, நடந்ததை ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்வேன், அப்பா. இது என் வாக்கு.

நீங்கள் போதகரான பின் முதன்முதலில் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை,
உங்கள் மூத்த மகள் ஜாய்ஸ்