கை பொறுத்தால் இலை பொறுக்கும்

நால்ட்வைக்,
ஜனவரி 12

அன்புள்ள மகன் யோரிஸுக்கு,

உன் அப்பா நோல் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஹெட்டி எழுதும் கடிதம் இது. நாங்கள் இருக்கிறோம். கனடாவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். உன் பழைய எண்ணுக்கு மூன்று தடவை அடித்தேன். இப்போது அது யாரோ ஒரு பெண்ணிடம் இருக்கிறது. பொறுமையான பெண், மூன்று தடவையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பும் அட்டையின் உறையிலிருந்து உன் முகவரியை ஹெட்டி எடுத்தாள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

சுற்றி வளைக்கவில்லை. நம் வீட்டுப் பரணில் இரண்டு கஞ்சாச் செடி வளர்க்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டு ஹெட்டி பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தாள். "பதினாலு வருஷமா இதுக்காக அந்தப் பையனைத் திட்டின வாயா இது? மேல ஒருத்தன் இருக்கான் நோல், நல்லா ஞாபகம் வெச்சிருக்கான்," என்றாள். நீயும் சிரித்துக்கொள். சிரித்துவிட்டு மேலே படி. ஏனென்றால் செடிகள் சாகின்றன. எனக்குத் தெரிந்த ஆட்களில் அவற்றைக் காப்பாற்றத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அம்மாவுக்கு ஒன்றரை வருஷமாக இடுப்பிலிருந்து பாதம்வரை நரம்பில் நெருப்பு ஓடுகிற வலி. டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி போனது, கூடவே அவளும் போய்விட்டாள். என்னைச் செத்துப்போன அவள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கடையில் விற்கும் கஞ்சாவை வாங்கிப் பார்த்தோம். ஒரு பிற்பகல் முழுக்க மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நோல், வீடு சாயுது, பிடிச்சுக்கோ," என்றாள். நானும் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? பிறகு நோயாளிகள் சங்கத்தில் ஓர் அம்மாள் மென்மையான ஒரு வகையிலிருந்து தானே எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். நாக்குக்கடியில் மூன்று சொட்டு. அன்று தூங்கி எழுந்து, என் காப்பி கால்வாய்த் தண்ணீர்போல இருக்கிறது என்று திட்டினாள். அவள் திட்டினால் வீடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம், உனக்குத் தெரியுமே.

அந்த அம்மாள் இலையுதிர்காலத்தில் மகளோடு போர்ச்சுகலுக்குப் போய்விட்டாள். போகும்முன் அதே வகையில் வேர்விட்ட இரண்டு கிளைத்துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். இது வேறெங்கும் கிடைக்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எண்ணெய்ப் பாட்டிலில் இரண்டு விரல் உயரம் மிச்சமிருக்கிறது. என் கதை இவ்வளவுதான்.

இனி செடியின் கதை. ஹெட்டி ஒரு எல்.இ.டி. விளக்கு வரவழைத்துக் கொடுத்தாள். தட்டையான பலகை, அதில் கடுகைக் கொட்டியதுபோல் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வெளிச்சம். கூடவே வந்த தாளைப் பிரித்துப் பார்த்தாள். பாதி சீனம், பாதி இங்கிலீஷ். எனக்கு எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான். படகிலே பிறந்து வாரத்துக்கு ஒரு படகுத்துறையில் பள்ளிக்கூடம் போனவனுக்கு எழுத்து எங்கே ஒட்டும்? ஆனால் முப்பத்தாறு வருஷம் ரோஜா வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில், சுடுகிற மஞ்சள் விளக்குகளோடு இருந்தவன் நான். அங்கே எங்களுக்கு ஒரே சட்டம்தான். விளக்குக்கும் செடிக்கும் நடுவில் புறங்கையை நீட்டு, நூறு எண்ணு. கை பொறுத்தால் இலை பொறுக்கும். பொறுக்காவிட்டால் விளக்கை ஏற்று.

அதையேதான் செய்தேன். கையை நீட்டினேன், ஒன்றுமே சுடவில்லை. நூறு எண்ணினேன், இருநூறு எண்ணினேன். ஆகா, பாவம், செடிக்கு எட்டவில்லை போலிருக்கிறது என்று விளக்கை இறக்கினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இப்போது இலைக்கும் விளக்குக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. நுனி இலைகளெல்லாம் வெள்ளையாகிவிட்டன. மஞ்சள் இல்லை, காகித வெள்ளை. கருகலும் இல்லை. கீழ் இலைகள் தொங்குகின்றன. தாகம் என்று நினைத்துத் தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்தேன். ரோஜாவுக்கு அப்படித்தான் கொடுப்போம். இன்னும் தொங்கின. இரண்டு கிண்ணமாக்கினேன். மண்ணில் இப்போது குட்டை வாடை அடிக்கிறது.

விளக்குப் போட்டு வளர்ப்பது தெரிந்தால் நமக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக் கழகம் சாவியைத் திருப்பிக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துதான் செய்கிறேன்.

அன்று வாசலில் நான் சொன்னதை மனசில் வைத்து இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. எனக்காக இல்லாவிட்டாலும் ஒரு நாலு வரி எழுதிப் போடு. பதில் ஹெட்டி வீட்டு முகவரிக்கு வரட்டும்.

உன் நலம் விரும்பும்
அப்பா நோல்


நால்ட்வைக்,
பிப்ரவரி 24

அன்புள்ள யோரிஸ்,

உன் கடிதம் மூன்று வாரத்துக்கு முன் வந்தது. ஹெட்டி முகவரி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் நீ நம் வீட்டு எண்ணையே போட்டுவிட்டாய். கை பழக்கம் போலிருக்கிறது. வாசல் பாயில் கிடந்ததை நான்தான் எடுத்தேன். வெளிநாட்டு முத்திரையைப் பார்த்ததும் உன்னுடையது என்று தெரிந்து, பட்டாணி டப்பாக்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். மத்தியானம் அம்மா பட்டாணி சூப் வேண்டும் என்றாள். வீட்டுக்கு வரும் நர்ஸ் டப்பாவை எடுக்கப் போனவள், கடிதத்தையும் சேர்த்து எடுத்து அம்மா மடியில் போட்டுவிட்டாள்.

"படிக்கத் தெரியாதவன் கடுதாசிய ஒளிச்சு வெக்கக் கூடாது, கிழவா," என்றாள் அம்மா. பிறகு அவளே எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். விளக்கை ஒரு முழம் உயரத்துக்கு ஏற்றுங்கள். இந்த விளக்கு இலையைச் சூடாக்காது, அதனால் செடி பாதித் தண்ணீர்தான் குடிக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வெளுத்த நுனி தேறாது, புதுத் துளிரைப் பாருங்கள். நாலு வரி கேட்டேன், நாலு வரி எழுதியிருந்தாய். ஐந்தாவது வரியை அம்மா இரண்டு தடவை படித்தாள். "அன்று போலீசை ஏன் கூப்பிட்டீர்கள்?"

அதைப் படித்துவிட்டு அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு, "அவன் எழுத்து மாறவே இல்ல, பாரேன். இன்னும் அந்த வால் போட்ட ஜி," என்றாள்.

முதலில் செடி. ஒன்று போய்விட்டது. வேரைக் கையில் எடுத்தால் ஊறின ரொட்டிபோலக் கழன்று வந்தது. இன்னொன்றை நீ சொன்னபடி வைத்தேன். எட்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தேன். என் ஆயுசில் நான் பட்ட பெரிய கஷ்டம் அது. கிண்ணத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஹெட்டி, "செடிக்குத் தண்ணி வேணாம் நோல், உனக்குத்தான் வேணும், அந்தக் கிண்ணத்த நீயே குடி," என்றாள். ஒன்பதாம் நாள் வெள்ளை நுனிக்குக் கீழே கணுவிலிருந்து இரண்டு பச்சை. சுண்டெலிக் காதுபோல இருந்தது. இப்போது அந்தத் துளிர் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து வெளிச்சத்தைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்துப் பூக்க விட்டிருக்கிறேன். போன வாரம் நல்ல பனி பெய்தது. பரணில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, மேலே கூரை தெருவிலுள்ள மற்றக் கூரைகளைப் போலவே வெள்ளையாகக் கிடந்தது. நான் எதிர்ப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அப்போதே உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஐந்தாவது வரிக்கு வருகிறேன். நான் போலீசைக் கூப்பிடவில்லை, யோரிஸ்.

நீ பரணில் நாற்காலி, மேஜை அடுக்கி வைத்திருப்பதாகச் சொன்ன நாளிலேயே, நீ அங்கே கஞ்சா வளர்ப்பது எனக்குத் தெரியும். மஞ்சள் விளக்கின் முனகல் சத்தம் கேட்டுப் பழகின காது இது. சொல்லாமல் இருந்தேன். பதினாலு வருஷத்துக்கு முந்தைய அந்த டிசம்பரில் பனி விழுந்தது. தெரு முழுக்க வெள்ளை. நம் கூரை மட்டும் மே மாதத்து ஓடுபோலச் சிவப்பாக நின்றது. உன் நாற்பது செடியின் சூடு பனியைத் தங்கவிடவில்லை. போலீஸ் அந்த நாட்களில் இதைத்தான் பார்த்துக்கொண்டு சுற்றும் என்று எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். நீ அன்று காலையிலேயே வெளியே போய்விட்டாய். நான் ஏணியைச் சாத்தினேன். கரி வாளியில் தோட்டத்துப் பனியை வாரிக்கொண்டு ஏறி, மண்வெட்டியால் கூரைமேல் எறிந்தேன்.

பதினோரு வாளி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எறிந்தது எறிந்தபடியே உருகி என் கழுத்துக்குள் வடிந்தது. எதிர்வீட்டு ஹார்ம், "யோவ் நோல், ஊரே பனியைக் கீழ தள்ளுது, நீ என்னய்யா மேல ஏத்துற?" என்று கத்தினான். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஓட்டுக்குக் குளிருதுய்யா, போர்த்தி விடறேன்!" தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. யாரோ போட்டோகூட எடுத்தார்கள். அதுவரை வெறும் கூரையை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டார்கள். நான்தான் ஏணி வைத்துக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு நாளில் போலீஸ் வந்துவிட்டது.

இதை எழுதும்போது ஹெட்டி கண்ணைத் துடைக்கிறாள். சிரிப்பா என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் "நீ சொல்லு, நான் எழுதறேன்," என்கிறாள்.

அன்று வாசலில், போலீஸ்காரர்கள் முன்னால், இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று உன்னிடம் சொன்னேன். வீட்டுக் கழகத்து ஆள் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நான் உன் பக்கம் நின்றால் அம்மாவோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். பாதி, அவன் காதில் விழட்டும் என்று சொன்னது. மீதிப் பாதி என் கோபம். நீ என்னிடம் நாற்காலி என்று சொன்னாயே, அந்தக் கோபம். அந்தப் பாதிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பனி எறிந்ததை ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம். முட்டாள் என்று பெயர் எடுப்பதைவிடக் கொடியவன் என்று பெயர் எடுப்பது அப்போது எனக்குச் சுலபமாக இருந்தது.

அம்மாவின் கட்டிலைக் கீழே முன்னறை ஜன்னலோரம் போட்டாயிற்று. நர்ஸ் இப்போது இரண்டு வேளை வருகிறாள். மூன்று சொட்டு ஐந்தாகியிருக்கிறது. ரொட்டி வேண்டாம் என்கிறாள், தயிர் இரண்டு கரண்டி இறங்குகிறது. என் காப்பியைப் பற்றி ஒரு வாரமாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லார் பிறந்தநாளையும் எழுதிக் கழிப்பறையில் மாட்டியிருக்கும் காலண்டரை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். உன் பெயரை அவள் எந்த வருஷமும் அதிலிருந்து அடித்ததில்லை.

பாட்டிலில் இருப்பது ஒரு மாதத்துக்கு வரும். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருக்கும் என்று நர்ஸ் போன புதன்கிழமை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நான் காதில் விழாததுபோல மேலே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற வேண்டிய நாள் இல்லை அது. மன்னித்துக்கொள்.

இந்த வகை பூத்து முற்ற ஒன்பது வாரம் ஆகும் என்று கிளைத்துண்டு கொடுத்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். வெட்டும் நாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். என் கண்ணுக்கு அது எட்டாது. நீ வந்துதான் பார்க்க வேண்டும். உன் அறையைத் துடைத்துப் படுக்கை விரித்தாயிற்று. நீ இனி எனக்கு எழுத வேண்டாம், எழுதினால் அது வருவதற்கே பத்து நாள் ஆகிறது.

ஒன்பது வாரம் செடிக்குத்தான், யோரிஸ். நீ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதே. நல்லபடியாக வந்து சேரப்பா.

உன் வரவை நம்பியிருக்கும்
நோல்