மாடியில் காய்ந்த மணி

ஜூன் 9, திங்கள்

இன்று கம்பைக் குழைய விட்டுவிட்டேன். மகள் சினேகா கரண்டியால் தூக்கிக் காட்டினாள். "அப்பா, நான் சாலட்டுக்குக் கேட்டேன். நீங்க கூழு காய்ச்சி வச்சிருக்கீக."

சாலட் டப்பா போட்டு விற்பதாக வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை விருதுநகரில் ஒரு கல்லூரி விழா, நாற்பது டப்பா. முதல் ஆர்டர். கம்பு வேகவைப்பது என் பொறுப்பு. திருத்தங்கல் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அடித்தே நரைத்தவனுக்கு அடுப்படியில் பதவி உயர்வு!

கூழை நானே குடித்தேன். இரண்டு வேளை.

ஜூன் 10

இன்றைய பாடம்: ராத்திரியே ஊறப்போட வேண்டும். குக்கர் கூடாது. சோறு வடிப்பது போல நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடிக்க வேண்டும். பிறகு பரப்பி ஈரம் போக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

"ரெண்டு விரல்ல வச்சு நசுக்கிப் பாருங்கப்பா. மெத்துன்னு அமுங்கணும். கூழாகக் கூடாது."

அமுங்கியது. ஒன்பதாம் வகுப்பில் கிடைக்காத பாஸ்.

ஜூன் 12, வியாழன்



நாளைக்கான கம்பை மத்தியானம் மாடியில் பரப்பினேன். தரை சுடுகிறதே என்று பிரஸ்ஸில் கழித்த தாள்களை விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டி, வேட்டிமேல் கம்பு. கழித்த தாளில் என்ன இருக்கும்? நான் அடித்த புஸ்வாண லேபிள்தான். வேட்டியைச் சுற்றி வரிசையாக எட்டிப் பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் ஜீப். எஸ்.ஐ., கூடவே இரண்டு போலீஸ், ஒருவர் கையில் வாளி. "சார்—" என்பதற்குள் கம்பு முழுக்கத் தண்ணீர்.

"வீட்டுல மணி மருந்து காயப்போடுறியா? தெருவையே தூக்கப் பாத்தியா?"

மணி! பட்டாசுக்குள் போகிற மருந்தை மணிமணியாக உருட்டிக் காயவைப்பார்களே, அது. லேசாக உரசினாலும் போச்சு. இதுவும் அதே சாம்பல் நிறம், கிட்டத்தட்ட அதே அளவு. எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை?

"கம்பு சார்."

"கம்ப எதுக்குய்யா அவிச்சுக் காயப்போடுற?"

"சாலட்டுக்கு சார்."

"சாலட்டுன்னா வெள்ளரிக்காய்தானய்யா?"

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்று காட்டினேன். மெல்லும்போதே அழுதும்விட்டேன். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். "போன் வந்துச்சு, வந்தோம்." யாருடைய போன்? சொல்லவில்லை.

கம்பு சாக்கடைக்குப் போனது. சினேகா மூட்டையில் மிச்சமிருந்ததை ஊறப்போட்டாள்.

எவன் சொன்னான்? எவனா இருந்தாலும் நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

எவனும் இல்லை. பக்கத்து வீட்டு இருளம்மாள். அவளே வந்து வாசலில் நின்றாள்.

"நாந்தேண்ணே போன் போட்டேன்."

என் மனைவி வள்ளித்தாய் பாய்ந்தாள். "ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"குடுக்கத்தான் வாயத் தொறந்தேன் மதினி. சத்தமே வரல. அண்ணன் செருப்பத் தேச்சுக்கிட்டு அது ஓரத்துலயே நடக்குறாரு... எங்க வீட்டு அவுகளும் அப்படித்தான போனாக."

அவள் புருஷன் முனியசாமி சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மணி காயவைக்கும்போது வெடித்துத்தான் போனார். எனக்குத் தெரியாததா? தெரிந்தும், அவள் மாடிக்கு நேர் எதிரே, லேபிளும் விரித்துப் பரப்பியிருக்கிறேன். என்னைத் தவிர யாருக்கு வரும் இந்தப் புத்தி?

நாலு கேள்வியையும் விட்டுவிட்டு, மாடிக்குப் போய் லேபிள் தாளையெல்லாம் சுருட்டி எடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

விடியும்போதே வேகவைத்து வடித்தேன். இனி மாடி கிடையாது. வீட்டுக்குள் பாய், வேட்டி, மேலே ஃபேன்.

இருளம்மாள் வந்தாள், யாரும் கூப்பிடாமலே. வேட்டியருகே உட்கார்ந்து கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணிய மட்டும் விரல்ல வச்சு நசுக்கிராதன்னு அவுக சொல்லுவாக."

ஒன்றை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நசுக்கினாள்.

"மெத்துன்னு இருக்குண்ணே."

வாயில் போட்டுக்கொண்டாள். "உப்புப் பத்தல."

நாற்பது டப்பாவும் காலை பஸ்ஸில் போய்விட்டன. உப்புச் சேர்த்துத்தான்.