குளத்தை மூடிச் சிலை வைக்கிறார்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். மருமகனுக்கு வேலை நிரந்தரமானது கேட்டு மிகவும் சந்தோஷம். சின்னவளுக்குப் பல் முளைத்ததா என்று எழுது.

நேற்று நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவின் சிலைக்குக் களிமண்ணில் செய்த மாதிரியைக் காட்டினார்கள். கோட்டு, கையில் புத்தகம், தலை நிறைய முடி. அடேயப்பா, கல்யாணத்தன்றுகூட அவருக்கு அவ்வளவு முடி கிடையாது. அவர் குளத்தில் குதித்தது அரை டவுசரோடுதானே என்றேன். டவுசரோட சிலை வெச்சா நல்லாவாம்மா இருக்கும் என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நீச்சல் குளத்தை மண் கொட்டி மூடிவிட்டு, அதன்மேல் பூங்காவும் சிலையுமாம். குடும்பத்தின் சார்பில் நீ சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டாயாம். குளம் மூடுவதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அப்பா அந்தக் குளத்தில் குதித்தபோது நீ கைக்குழந்தை. மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதுபோல அது ஒரே நாளில் முடிந்த காரியமில்லை. நம்மவர்கள் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று இருந்தது. அப்பா இறங்கினார். அடித்து இழுத்து வெளியே போட்டார்கள். பிறகு தண்ணீரை வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதிதாக நிரப்பினார்கள். ஜெயிலிலிருந்து ஒரு காது கேட்காமல் வந்தவர், நேரே போய் மறுபடி இறங்கினார். எல்லோரும் இறங்கலாம் என்று கோர்ட்டில் தீர்ப்பு வரும்வரை இதே கூத்துதான்.

பம்பு பழுது, செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் ஷிப்ட் முடிந்து அங்கேதான் நீந்த வருகிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் போடும் கூச்சலில் தெருவே அதிர்கிறது. அவர்களுக்கு வேறு குளம் ஏது? அன்றைக்கு எதிர்த்தவர்கள்கூட மூடாத குளத்தை, இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லியே மூடப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, சிரிக்காதே. போன மாதத்திலிருந்து நானும் இறங்குகிறேன். அப்பா இருந்தபோது எத்தனையோ தடவை கூப்பிட்டார். வெட்கமா இருக்கு, ஆளை விடுங்க என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். இன்னும் நீந்த வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா, நீங்களே சிலை மாதிரிதான் நிக்கிறீங்க என்று பம்பு பார்க்கிறவர் கிண்டல் செய்கிறார்.

நான் வேண்டாம் என்றால், மகளின் கடிதம் இருக்கிறதே என்கிறார்கள். சம்மதம் இல்லை என்று நீ ஒரு வரி எழுதினால் வேலையை நிறுத்தியாக வேண்டும். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மண் லாரிகள் வருகின்றன. அன்று காலை நான் தண்ணீரில்தான் நிற்பேன்.

நீயும் மருமகனும் குழந்தைகளும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் என் ஆசி குறையாது. ஆனால் அப்பாவை இழுத்துப் போட்டவர்கள் யாரோ எவரோ. என்னை இழுக்க வருகிறவர்கள் கையில் உன் கடிதம் இருக்க வேண்டாம், கண்ணு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா