இந்தப் பக்கம் ஊட்டவும்

அன்புள்ள அம்மாவுக்கு,

மதிவதனியின் வணக்கம். முட்டிவலி தேவலையா? பவானியில் வெயில் எப்படி? கிணத்துக்கடவில் காற்று இருப்பதால் நான் சௌக்கியம்.

போன மாதம் எங்கள் முதியோர் இல்லம் பணிப்பெண்கள் எல்லோரையும் ஒரு ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிட்டது. சீருடைதான் மாறும் என்று நினைத்தேன். ஏஜென்சியோ வாராவாரம் ஆளையே மாற்றுகிறது. இந்த வாரம் எனக்குச் சலவை அறை.

பக்கவாதம் வந்த ஐயாசாமி ஐயாவுக்கு ஆறு வருடமாக நான்தான் ஊட்டினேன். வாயின் இடது பக்கம் ஊட்டினால்தான் அவருக்கு விழுங்க வரும். இந்தத் திங்கட்கிழமை ஒரு புதுப்பெண் வலது பக்கம் ஊட்டிவிட்டாள். பாவம், அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இருமல் கேட்டு மாடிக்கு ஓடினேன். குனியவைத்து முதுகில் தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. பயப்படாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறார்.

"எங்க போயிட்ட அம்மணி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் ஏஜென்சி சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க மதியக்கா, உங்க டூட்டி கீழதானுங்களே? மேல எதுக்குங்க வந்தீங்க?" என்றார். அத்தனை மரியாதையாக! இடது பக்கம் ஊட்ட வேண்டியதைச் சொல்லிவிட்டு நான் கேட்டேன்:

"கட்டில்ல ஒரு சீட்டாவது ஒட்டிப்போடட்டுங்களா?"

"ஒட்டக்கூடாதுங்க, ரூல்ஸுங்க."

ஆனால் ஐயா கழுத்தில் கட்டும் துண்டுகள் சலவைக்கு என்னிடம்தானே வருகின்றன? அவற்றின் இடது ஓரத்தில் 'இந்தப் பக்கம் ஊட்டவும்' என்று தைத்துவிடப் போகிறேன். உங்கள் தையல் டப்பாவிலுள்ள சிவப்பு நூலை அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான், உங்கள் கையிலிருந்து வரட்டும்.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். கடிதம் கிடைத்த அன்றே நூலை அனுப்பிவிடுங்கள் அம்மா. அடுத்த திங்கட்கிழமை என்னைச் சலவையிலிருந்தும் மாற்றிவிடுவார்கள்.

உங்கள் மகள்,
மதிவதனி