ஏழு காலிக் கட்டங்கள்

2025 பிப்ரவரி 3

நான் கணக்கு நடத்திய எட்டாம் வகுப்பில், மார்க்குகளுக்குப் பட்டைப் படம் வரையும்போது உம்மே ஹானி ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், பரீட்சைக்கே வராதவளுக்குப் பட்டை எவ்வளவு உயரம் வரையணும்?" பூஜ்யம் என்றேன். "அப்ப எழுதி முட்டை வாங்கினவளும் அவளும் ஒண்ணா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, உட்காரச் சொன்னேன்.

இன்று எக்செல்லில் பட்டைப் படம் வரைய உட்கார்ந்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. எதிரே என் கணவரின் வலி நோட்டு. ஆஸ்பத்திரியில் சொன்னபடி தினமும் மாலை, 0 முதல் 10 வரை ஓர் எண், அவர் கையாலேயே எழுதியது. போன வருடம் ஜனவரி முதல் செப்டம்பர் வரை. பிறகு எழுத அவர் இல்லை. நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு நடத்தும் வகுப்பில் காட்ட, மாதத்துக்கு ஒரு படம் கேட்டிருக்கிறார் டாக்டரம்மா.

பிப்ரவரி 5

"ஒன்பதையும் கையால போடாதீங்கம்மா" என்று மகன் ராகேஷ் ஆபீஸிலிருந்தே போனில் பைத்தான் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தான். சமையல் குறிப்பு மாதிரிதான். தேதி எந்த வரிசை, எண் எந்த வரிசை என்று எழுதிவிட்டால் எல்லாப் படங்களையும் அதுவே வரைந்து வைக்கிறது.

ஜூனில் காலிக் கட்டம் வந்ததும் பிழை காட்டி நின்றது. காலியாக இருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ள ஒரு வரி சேர்த்தேன். ஓடியது.

பிப்ரவரி 6

ராகேஷ் ஜூன் படத்தைப் பார்த்தான். "பூஜா கல்யாண வாரம் அப்பா நல்லா இருந்திருக்காரும்மா. ஏழு நாள் வலியே இல்ல."

காபி ஆறிவிட்டது.

பிப்ரவரி 7

பூஜா என் தங்கை மகள். கல்யாணம் வடபழனியில். ஜூன் 10 முதல் 16 வரை விடிந்ததும் போய் இருட்டித்தான் திரும்புவேன். பகலில் அவருடன் இருந்தது ஆயா அஃப்சருன்னிசா. நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார் — அப்படித்தான் நினைத்தேன்.

17ஆம் தேதி நோட்டைப் பார்த்தேன். ஏழு கட்டம் காலி. வலி இல்லை, அதனால் எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்கள்.

18ஆம் தேதி கோணலும் மாணலுமாக அவர் எழுதியது 8. பிறகு 9. மறுநாளும் 9. அப்புறம்தான் மாத்திரையைக் கூட்டினார்கள்.

நானா சொன்னேன்? "வலி இல்ல டாக்டர்." ஆமாம். அந்தக் குரல் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 9

அஃப்சருன்னிசா இப்போது அடையாறில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றே கேட்டேன்.

"பேனாவ புடிச்சாரு டீச்சரம்மா, கை நிக்கல. நா எழுதட்டுமா ஐயான்னேன். வாணாம், அவ கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கா, நோட்ல வலி நம்பர பாத்தா வூட்லயே குந்திக்குவான்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க இன்னா கேட்டீங்க? நோட்ட பாத்தீங்க, போன போட்டீங்க." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன்.

பிப்ரவரி 10

அந்த 0 வரியை எடுத்துவிட்டு, காலியைக் காலியாகவே விடச் சொல்லி ஓட்டினேன். படம் மாறவில்லை. உயரமில்லாத பட்டையும், இல்லாத பட்டையும் கண்ணுக்கு ஒன்றுதான். மூன்று முறை ஓட்டினேன். ஏழு நாளும் வெள்ளை. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று அவர் சொல்கிற மாதிரி.

ஹானி, உன்னை நான் உட்காரச் சொல்லியிருக்கக் கூடாதும்மா.

பிப்ரவரி 11

எண் இல்லாத நாட்களுக்கென்று இன்னொரு வரிசை சேர்த்தேன். கட்டம் காலியாக இருந்தால் அதில் 10, நிறம் சாம்பல், பெயர் 'தெரியாது'.

ஓட்டினேன். வெள்ளையாக இருந்த இடத்தில் ஏழு சாம்பல் பட்டைகள் உச்சி வரை எழுந்து நின்றன. மற்ற எட்டு மாதத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஏழு நாள் தவிர ஒருநாள்கூட அவர் எழுதத் தவறியதில்லை. அதைக்கூட நான் பார்க்கவில்லையே.

ராகேஷுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான். "எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

பிப்ரவரி 14

படங்களைக் கொடுத்தேன். ஜூனில் போனில் நான் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன். டாக்டரம்மா ஜூன் படத்தை எடுத்து மேலே வைத்தார். "இத முதல்ல காட்டட்டுமா?" என்று கேட்டார். காட்டுங்கள் என்றேன். அதன் கீழே என் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்:

இன்று நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், எந்த எண்ணையும் நினைத்துக்கொள்ளும் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.