முப்பதாவது மணியோசை

என் சின்னக்குட்டி அம்முலு,

நேற்று ஷீபா போன் செய்தாள். உன்னோடு வேலை பார்த்த கேரளத்துப் பெண். நீ இருந்த அந்த இங்கிலாந்து கிராமத்துக்காரர்கள் தங்கள் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். கடைசிப் பக்கத்தில் உன் போட்டோ வருகிறதாம். "ஊர் திருத்தணி, வேலை நர்ஸ், வயசு முப்பது. எல்லாம் சரிதானே அம்மா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த ஊர்க் கதை முழுக்க எனக்குத் தெரியும். வாராவாரம் போனில் நீ சொன்னதுதானே. பங்களாவில் இருந்த துரைக்கு, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியவில்லையாம். நடுவில் இருந்த வீடுகளை இடித்து, ஜனங்களை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டான். சர்ச் கட்டடத்தை மட்டும் தொடவில்லை. பிறகு பங்களா கைமாறி, முதியோர் இல்லமாகி, அங்கே நீ வேலைக்குச் சேர்ந்தாய்.

"ஜனங்க சும்மாவா இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"அவன் நெலத்துலதானம்மா கூலி. இன்னா பண்ணுவாங்க? நீயா இருந்தா தொடப்பத்த எடுத்துகினு போயிருப்ப" என்று சிரித்தாய்.

ஊரில் யார் செத்தாலும் வயதுக்கு ஒன்றாக அந்தச் சர்ச் மணியை அடிப்பார்கள் என்றும் நீதான் சொன்னாய். "உனுக்கு நூறு அடிக்கட்டும்" என்றேன் நான். "நான் இன்னாத்துக்கு இங்க சாவப்போறேன்? லீவு கெடச்சா ஓடியாந்துடுவேன்" என்றாய்.

காய்ச்சல் என்றாய். மூன்றாம் நாள் நீ இல்லை. சாம்பலும் ஒரு வீடியோவும்தான் வந்தன. வீடியோவில் மணி அடித்தது. உங்க நைனா எழுந்து வெளியே போய்விட்டார். நான் விரல் மடக்கி எண்ணினேன். இருபத்தொன்பதில் நிற்கும் என்று இருந்தேன். இன்னொன்று அடித்தது.

அது என் தப்பு. நான் தறி ஓட்டப் போக வேண்டும், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நாலு வயதில் அஞ்சு என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். தலைக்கு மேலே கை போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். எட்டவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் உன் தலையைச் சாய்த்துப் பிடித்தேன். தொட்டுவிட்டுச் சிரித்தாய். அந்த வயதே பாஸ்போர்ட் வரைக்கும் போனது.

என் மடியில் இருக்க வேண்டிய ஒரு வருஷம். அதை நானே பிடுங்கிக்கொண்டேன், கண்ணு.

நம் மலைக்கு வருஷத்து நாள் எத்தனையோ அத்தனை படி என்று அங்கே எல்லோரிடமும் சொல்வாயாமே. வருகிற கிருத்திகைக்கு நான் பஸ்ஸில் போகமாட்டேன். முட்டி போனாலும் போகட்டும். படிக்கு ஒரு கற்பூரம் ஏற்றி, அந்த வருஷத்தை ஒவ்வொரு நாளாக உனக்குக் கொடுத்துவிட்டு வருவேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஷீபா கேட்பாளே. முப்பது என்றே விட்டுவிட்டால், அந்தப் புத்தகத்திலாவது நீ ஒரு வருஷம் கூட இருப்பாய் என்று ஆசையாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதையும் நானே பிடுங்கியது போல ஆகும். எதைச் சொல்லட்டும், அம்முலு?

உன்னைப் பெற்ற அம்மா